பூங்கோதை பூட்டிய டிரம் செட்

காளிகாட்டில், கோயிலுக்குப் பின்னால் போகும் சந்துகளில் ஒன்றில், கீழ்த்தளத்து இரண்டு அறை வீட்டில் உட்கார்ந்து பூங்கோதை பிளவுஸ் தைத்து வந்தாள். ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவள். கல்யாணமாகிக் கல்கத்தா வந்து வருடங்கள் ஓடிவிட்டன. வங்காளம் நன்றாகப் புரியும். பேசத்தான் வாய் எழாது. அளவு கொடுக்க வருகிறவர்களிடம் தலையை ஆட்டியே காரியத்தை முடித்துவிடுவாள். கண் மட்டும் சும்மா இருக்காது. வருகிறவள் எந்தத் தோளை ஏற்றி நடக்கிறாள் என்று பார்த்து வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் துணியைக் கொஞ்சம் விட்டுத் தைப்பாள்.

அவள் கணவன் செல்வராஜ் சின்ன சரக்கு வண்டி ஓட்டினான். நியூ டவுனில் வீடு காலி செய்யும் தமிழ்ப் பிள்ளைகள் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிச் சென்னைக்குக் கிளம்பிய நிர்மல் என்ற பையன், லாரியில் இடம் போதாமல் நான்கு கோணி மூட்டைகளை அவன் தலையில் கட்டிவிட்டான். வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்தால் உள்ளே சிவப்பு உருளைகள், மஞ்சள் தட்டுகள், கம்பிக் கால்கள்.

"டிரம்ஸாம். நாளைக்குப் பழைய இரும்புக் கடையில போட்டுட்டு வரேன்," என்றான் செல்வராஜ்.

"இருக்கட்டும்."

"எதுக்கு?"

"நான் வாசிக்கிறேன்."

செல்வராஜ் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. இது வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டறியாதவள் கேட்கிறாள் என்பது அவனுக்குச் சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது.

"அப்போ கட்டிலை நகர்த்தணும்," என்றான்.

அவள் மனதில் அந்த ஆசை எப்போதோ விழுந்துவிட்டது. துர்கா பூஜைக் காலத்தில் தெருமுனையில் மேடை போட்டுப் பாடும்போது கூட்டத்தின் கடைசியில் நின்று பார்ப்பாள். எல்லோரும் பாடகியைப் பார்ப்பார்கள். அவள் பார்ப்பது பின்னால் உட்கார்ந்திருக்கும் டிரம்ஸ்காரனை. அவன் யார் கண்ணிலும் படுவதில்லை. ஆனால் அவன் நிறுத்தினால் பாட்டு நிற்கிறது, அவன் தட்டினால் கூட்டத்தின் கால்கள் ஆடுகின்றன. மேடையில் இருந்துகொண்டே ஒளிந்துகொள்ளவும் ஓர் இடம் உண்டு என்பது அவளுக்குப் பெரிய கண்டுபிடிப்பாக இருந்தது.

மறுநாள் தையலை ஒதுக்கிவைத்துவிட்டுப் பூட்ட ஆரம்பித்தாள். போனில் ஒருவன் வாசிக்கும் வீடியோவைத் தேடி எடுத்து, போனை ஜன்னலில் சாய்த்துவைத்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். பெரிய உருளை நடுவில், கால்மிதியால் அடிக்க. முழங்காலுக்கு நடுவே ஸ்னேர், அடியில் கம்பிச்சுருள் சலசலக்கும் சின்ன டிரம். ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்ந்து, மிதித்தால் மூடிக்கொள்ளும் இரண்டு தட்டுகளுக்கு ஹை-ஹாட் என்று பெயராம். அவளுக்கு அது சட்டியும் மூடியும். ஒரு கம்பி எதில் நுழையும் என்று தெரியாமல் முக்கால் நாள் கையில் வைத்துக்கொண்டே சுற்றினாள். அது பொருந்தி, திருகு இறுகி, தட்டு தானாக நின்று மெல்ல ஆடியபோது அவளுக்கு உடம்பே காற்றில் பறப்பதுபோல் இருந்தது. கைக்குட்டை அளவுகூட இடம் பாக்கியில்லாத அறையில் சிவப்பாக, பளபளவென்று, அவளுடையதாக ஒன்று உட்கார்ந்திருந்தது.

லைனிங் துணியை மடித்து டிரம்கள்மேல் விரித்து, பெரிய உருளைக்குள் தலையணையைத் திணித்து, சத்தத்தை அடக்கி வாசித்தாள். வீடியோக்காரன் எந்தப் பக்கக் கையைத் தூக்குகிறானோ, அந்தப் பக்கக் கையைத் தூக்கினாள். தையல் மிஷின் மிதித்த கால் சீக்கிரம் பழகியது. கைகள் ஒன்றை ஒன்று பார்த்துக் குழம்பின. பிறகு ஒரு மத்தியானம், காலும் இரண்டு கையும் தனித்தனியாகத் தங்கள் வேலையைச் செய்துகொண்டே ஒன்றாகப் போயின. நிறுத்தினால் மறுபடி வராதோ என்ற பயத்தில், அடுப்பில் பால் பொங்கி வழிந்த வாசனை வந்தும் அவள் நிறுத்தவில்லை.

மாடியில் இருந்த வீட்டுக்கார அம்மா, தெருவுக்கே காகிமா, அதாவது சித்தி, சத்தம் கேட்டுத் தடதடவென்று இறங்கி வந்தார்.

"உண்மையைச் சொல்லு. செல்வராஜ் உன்னை அடிக்கிறானா?"

"இல்ல காகிமா. நான்தான் அடிக்கிறேன்," என்று அரைகுறை வங்காளத்தில் சொல்லித் திரையை விலக்கிக் காட்டினாள். காகிமா உள்ளே வந்து குச்சியை வாங்கி, தானும் தட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார். அதற்குப் பிறகு, தான் தூங்கும் நேரம் எது என்று மட்டும் சொல்லியனுப்பினார்.

அடுத்த சந்தில் இருந்த மதுவந்தி ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்டு வந்தாள். மூன்று தலைமுறையாகக் கல்கத்தாவில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண். கல்லூரித் தோழிகள் இருவரோடு சேர்ந்து பாடுகிறாள்.

"அக்கா, வாசிக்கறது யாரு? உங்க ஹஸ்பண்டா?"

"நான்தான்."

"மாயிரி?" வாயைப் பொத்திக்கொண்டாள் மதுவந்தி. "ஸாரி, சத்தியமாவான்னு கேக்க வந்தேன். எங்களுக்கு டிரம்மரே இல்ல. போன்லதான் பீட் போட்டுண்டு பாடறோம். சரஸ்வதி பூஜைக்கு நம்ம ஏரியா கிளப் மேடையில ஒரே ஒரு பாட்டு. வரேளா?"

பூங்கோதை தலையை ஆட்டினாள். அது சரி என்ற ஆட்டமா இல்லை என்ற ஆட்டமா என்று மதுவந்திக்குத் தெரியவில்லை. அவள் கையோடு குச்சியை எடுத்ததைப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

ஒத்திகையெல்லாம் பூங்கோதையின் அறையிலேயே நடந்தது. ஒருத்தி கட்டில்மேல், ஒருத்தி வாசற்படியில். தனியாக வாசித்தது வேறு, பாட்டுக்கு அடியில் போய் அதைத் தாங்கிப் பிடிப்பது வேறு. துணி தைக்கும்போதும் அந்தத் தாளமே காலில் ஓடியது.

தை மாதத்து மாலை. வங்காளத்தில் சரஸ்வதி பூஜை தையில்தான் வரும். கிளப் மைதானத்தில் தெருவே மஞ்சள் புடவையும் பஞ்சாபி ஜிப்பாவுமாகத் திரண்டிருந்தது. எல்லாக் குழுக்களுக்கும் பொதுவாக ஒரே டிரம் செட்டை மேடையில் வைத்து மைக் பொருத்தியிருந்தார்கள். பூங்கோதை பக்கவாட்டுப் படியேறிப் பார்த்தாள். திக்கென்றது. சட்டியும் மூடியும் இடதுபக்கம் இருந்தன. மூன்று காலில் தரையில் நிற்கும் டிரம் வலதுபக்கம். அவள் வீட்டில் பூட்டியதற்கு நேர் எதிர்.

சவுண்ட் பார்க்கும் தபன் டீ குடித்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் வங்காளத்தில், அண்ணா என்று அழைத்துப் பேசினாள்.

"தாதா, இதைத் தப்பாப் பூட்டியிருக்கீங்க."

"எது தப்பு?"

"எல்லாமே. அது இந்தப் பக்கம், இது அந்தப் பக்கம்."

தபன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "தீதி, நீங்க இடதுகைப் பழக்கமா?"

"இல்ல. சோறு, கத்தரி, ஊசி எல்லாம் வலது கைதான்."

"வாசிக்க எங்க கத்துக்கிட்டீங்க?"

"போன்ல பார்த்து."

டீ புரையேறிவிட்டது அவருக்கு. "அவன் உங்களுக்கு எதிர்ல உட்கார்ந்திருந்தான் தீதி. அவன் வலது கை உங்களுக்கு இடதுபக்கம்தானே தெரியும்."

பூங்கோதைக்குக் காது சுட்டது. துணியைத் திருப்பிப் போட்டால் பிளவுஸின் வலது கை இடது கையாகும் என்று தெரிந்து தினமும் வெட்டும் அவளுக்கே இது தோன்றவில்லை. கற்றதெல்லாம் கண்ணாடி பார்த்துக் கற்றது. தொடையில் கை மாற்றித் தட்டிப் பார்த்தாள். கை நொண்டியது.

"மாத்திக் குடுக்க முடியுமா தபன்தா?" என்றாள் மதுவந்தி.

"மைக்கெல்லாம் கழட்டணும். ஏற்கெனவே லேட்."

மதுவந்தி போனை எடுத்தாள். "பரவால்ல அக்கா. போன்லயே பீட் போட்டுக்கறோம்."

அந்தப் பரவாயில்லை பூங்கோதையைச் சுட்டது. இறங்கிப் போய்விடலாம், யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஆனால் இப்போது இறங்கினால் வீட்டில் இருக்கும் அந்தச் சிவப்பு டிரம்முக்கு முன்னால் இனி உட்காரவே மாட்டாள் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நானே மாத்தறேன்," என்றாள்.

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மேடை நடுவுக்குப் போய் மண்டியிட்டாள். விளக்கெல்லாம் அவள்மேல். ஒளிந்துகொள்ள வந்த இடத்தில் ஊரே பார்க்கத் திருகைக் கழற்றிக்கொண்டிருந்தாள். யாரோ விசிலடித்தார்கள். அறிவிப்பாளர் ஏதோ சொல்லிச் சமாளித்தார். "என் வீட்டுப் பெண்" என்று காகிமா முன்வரிசையில் அக்கம்பக்கத்துக்குச் சொல்வது கேட்டது. செல்வராஜ் எழுந்து வருவதைப் பார்த்து, வேண்டாம் என்று கையைக் காட்டினாள். எந்தத் திருகு எந்தப் பக்கம் திரும்பும் என்று விரல்களுக்குத் தெரிந்திருந்தது. அவள் வேகத்தைப் பார்த்த தபன் டீயை வைத்துவிட்டு, தானே மைக்குகளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

உட்கார்ந்தாள். குச்சிகளை நான்கு முறை தட்டினாள்.

லைனிங் துணி இல்லை, தலையணை இல்லை. முதல் மிதிக்கே நடுவிலிருந்த பெரிய உருளை நெஞ்சுக்குள் இடித்தது. இவ்வளவு சத்தமா நான், என்று இருந்தது அவளுக்கு. பிறகு மதுவந்தியின் குரல் வந்து அந்தச் சத்தத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. இடையில் ஒரு தட்டைத் தவறவிட்டாள், கால் விடவில்லை. இரண்டாம் சரணத்தில் கூட்டம் கைதட்ட ஆரம்பித்தது, அவள் தட்டிய இடத்தில், அவள் தட்டிய வேகத்தில்.

பாட்டு முடிந்து இறங்கப் போனாள். அடுத்த குழுவின் டிரம்மர் வந்து உட்கார்ந்து, குச்சியை ஓங்கி, காற்றை அடித்தான். குழம்பிப்போய் இரண்டு பக்கமும் பார்த்தான்.

"இருங்க, மாத்தித் தரேன்," என்று வங்காளத்தில் சொன்னாள் பூங்கோதை. ஸ்னேர் மைக் அதைப் பிடித்துத் தெருவெல்லாம் கேட்கும்படி சொன்னது. கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்துவிட்டு மறுபடி மண்டியிட்டாள்.

செல்வராஜ் படியில் வந்து நின்றான். "இப்பவாச்சும் வரலாமா?"

"வாங்க," என்றாள் அவள். "அந்தக் கம்பியைக் கெட்டியாப் பிடிங்க."