குனியாதவர்

சூயிங்கம் சுரண்டும் தகட்டை ஒரு பழைய பனிச்சறுக்குத் தடியின் நுனியில் கம்பியால் இறுக்கிக் கட்டி வைத்திருந்தார் சர்தார்ஜி. நோர்வேயில், ஸ்டோவ்னர் என்ற இடத்தில் ஓர் அலுவலகக் கட்டடத்தை நாங்கள் இருவரும் பல ஆண்டுகள் துப்புரவு செய்தோம். நான் முழங்காலில் நின்று தரையைச் சுரண்டுவேன். அவர் மாப்பிள்ளை மிடுக்கோடு நின்றபடியே தடியால் குத்துவார். நானும் கேலி செய்துகொண்டே இருப்பேன்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது, எங்களுக்குப் பொதுவான அரைகுறை நோர்வேஜிய மொழியில் காரணத்தைச் சொன்னார். அவருடைய தாத்தா அமிர்தசரஸ்காரர். ஜாலியன்வாலா பாக்கில் வெறுங்கையோடு கூடிய சனத்தை வெள்ளைக்கார அதிகாரி சுடவைத்தபோது, பிணங்களுக்கு அடியில் கிடந்து தப்பியவர். சில நாட்களில் இன்னோர் உத்தரவு வந்தது: தாத்தா குடியிருந்த சந்தில் யாரும் நடக்கக்கூடாது, வயிற்றால் ஊர்ந்துதான் போகவேண்டும். வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல். தாத்தா மருந்தோடு ஊர்ந்தார். துப்பாக்கிச் சூட்டைப் பற்றி ஊரெல்லாம் பேசியவர், ஊர்ந்த கதையைச் சாகும் தறுவாயில்தான் மகனிடம் சொன்னாராம்.

"அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கடவுளுக்கு மட்டும்தான் குனிவோம்" என்றார் சர்தார்ஜி. அதன்பின் நான் கேலி செய்யவில்லை.

புதிதாக வந்த மேற்பார்வையாளர் நம்மவர், யாழ்ப்பாணத்தார். சுவரோரமாக இருந்த அறைச் சூடாக்கிகளுக்கு அடியில், தடி எட்டாத இடத்தில், அழுக்கைக் கண்டுவிட்டார்.

"தம்பி, உந்த ஆளுக்குச் சொல்லும். வெள்ளிக்கிழமை பாக்க வருவன். குனிஞ்சு சுரண்டேலாதெண்டால் வேற ஆளைப் பிடிக்கிறன்."

"அண்ணை, அவருக்கு முழங்கால் வருத்தம்" என்று பொய் சொன்னேன்.

"அப்ப டொக்டரிட்டைத் துண்டு வாங்கியரட்டும்."

சர்தார்ஜிக்கு அறுபது நெருங்கியிருந்தது. இந்த வேலை போனால் வேறு வேலை கிடைக்காது. ஆனாலும், "குனியமாட்டேன்" என்ற ஒரே சொல்லோடு முடித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை நான் ஒரு மணி நேரம் முந்திப் போனேன். அவர் துப்புரவு செய்யும் மாடியில் வயிறு தரையில் படப் படுத்து, சூடாக்கிகளுக்கு அடியில் சுரண்டத் தொடங்கினேன். ஊரில் இராணுவச் சோதனைச் சாவடியில் கைகளைத் தலைமேல் வைத்து முழங்காலில் நின்றவன் நான். எனக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா? ஒருவரின் பிழைப்பைக் காப்பாற்றுகிறேன் என்று உள்ளுக்குள் பெருமையும் இருந்தது. திரும்பிப் பார்த்தால் வாசலில் சர்தார்ஜி நிற்கிறார்.

"எழும்பு. எனக்காக யாரும் ஊரக்கூடாது" என்றார்.

"கொஞ்சம்தான் மிச்சம்" என்றேன்.

தகட்டை என் கையிலிருந்து வாங்கினார். தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, மெல்ல வயிறு தரையில் படப் படுத்து, மிச்சத்தை அவரே சுரண்டினார். அவருடைய மூச்சிரைப்பைக் கேட்டபடி நின்றேன். வெட்கமாக இருந்தது.

மேற்பார்வையாளருக்குத் திருப்தி. சர்தார்ஜி ஓய்வு பெறும்வரை அங்கேயே வேலை செய்தார். ஆனால் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதை அன்றோடு விட்டுவிட்டார்.

போன மாதம் அவர் காலமானார். சாவு வீட்டில் அவருடைய மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "அப்பா கடைசிவரை ஒருவனுக்கும் குனியவில்லை. உங்களுக்குத் தெரியும்தானே?"

தெரியும் என்று தலையாட்டினேன்.