பதில் ஸலாம்

ஊரில் எவருடைய வியாதியையும் நான் சும்மா விட்டதில்லை. மூலத்தை வைத்துப் பேப்பரில் ஒரு பத்தி, முழங்கால் வலியை வைத்து இரண்டு பத்தி எழுதிப் பேர் வாங்கியவன். ஆகவே சீனி வருத்தம் என்ற நீரிழிவு முற்றி, இரண்டு கண்ணிலும் விழித்திரையின் நடுப்பகுதி வீங்கியபோது, வீட்டுக்காரியைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. மற்றவர்கள் என்னைப் போல எழுதிவிடுவார்கள் என்ற பயம்.

ஓரங்களெல்லாம் தெளிவாகத் தெரியும். ஓட்டோ வந்தால் விலகுவேன். எதை நேராகப் பார்க்கிறேனோ அந்த இடத்தில் மட்டும் ஒரு சாம்பல் கறை. புத்தகத்தைத் திறந்தால், நான் வாசிக்க விரும்பும் சொல்லைத் தவிர மற்றெல்லாம் இருக்கும்.

எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து ஒரு கூட்டாளி. சவளக்கடை என்ற ஊர்ப் பக்கம் வயல் செய்தான். அஸர் தொழுதுவிட்டு இருவரும் ஒரே கடையில் பிளேன்டீ குடிப்போம். திடீரென்று அவன் வருவதை நிறுத்தினான். காரணத்தைக் கடைக்காரர்தான் சொன்னார்.

"பஸார்ல மூணு தரம் கையத் தூக்கி ஸலாம் சொன்னாராம். நீங்க மூஞ்சிக்கு நேர பாத்துட்டுப் பேசாமப் போனீங்களாம். பேப்பர்ல எழுதுற பெரிய மனிசனுக்கு நம்மளக் கண் தெரியுமா எண்டு கேட்டார்."

பகையாளி சொன்ன ஸலாமுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் நாங்கள். பஸார் இரைச்சலில் அவன் குரல் கேட்கவில்லை. முகம் கறைக்குள் போய்விட்டது.

"போய்ச் சொல்லுங்களன், கண்ணுல பழுது எண்டு" என்றாள் வீட்டுக்காரி.

"லேசர் முடியட்டும். அவன்ட முகத்தப் பாத்தே சொல்லுறன்."

"அதுக்கிடையில அவர் வேற கடையில குடிச்சிப் பழகிருவார்."

லேசர் அறையில் நாடியைத் தாங்கியில் வைத்து, கண்ணில் ஒரு வில்லையைப் பொருத்தினார்கள். "என்ட காதப் பாருங்க" என்றார் டொக்டர். அவர் காதைப் பார்த்தேன். பச்சை வெளிச்சம் வெட்டி வெட்டி அடித்தது. இருக்கிற பார்வையைக் காப்பாற்றும், போனதைத் திருப்பித் தராது என்று அவர் முதலே சொல்லியிருந்தார். நான் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டவன். அடுத்த மாதம் தெளியும், அதற்கடுத்த மாதம் தெளியும் என்று கூட்டாளியின் வீட்டுப் பக்கம் போகாமலே இருந்தேன். கறை அப்படியே இருந்தது. ஆட்களின் முகம் வேண்டுமென்றால் காதைப் பார்க்க வேண்டும் என்பது மட்டும் பழகிற்று.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, வயல் வரம்பில் நின்றவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து மௌத்தாகிவிட்டான் என்று செய்தி வந்தது.

கபன் துணியால் சுற்றி, கடைசியாக முகத்தைத் திறந்து காட்டினார்கள். குனிந்து நேரே பார்த்தேன். வெள்ளைத் துணிக்கு நடுவே சாம்பல். காதைப் பார்க்கலாம் என்றால் காதைத் துணி மூடியிருந்தது. தலையைத் திருப்பி, பக்கத்திலிருந்த அலுமாரியைப் பார்த்தேன். அப்போது ஓரத்தில் அவன் வந்தான். நரைத்த தாடி, மூக்கில் சின்ன வயது வடு, எல்லாம்.

பின்னால் அவனுடைய தம்பி யாரிடமோ சொல்வது கேட்டது. "மௌத்துக்குப் பிறகும் முகத்தத் திருப்புறார், பாத்தியா?"

திரும்பி விளக்கம் சொல்லலாம். தலையை அசைத்தால் முகம் போய்விடும். துணியை மூடப்போகிறார்கள்.

அலுமாரியைப் பார்த்தபடியே, "வஅலைக்குமுஸ் ஸலாம்" என்றேன்.