மைக்கைத் தள்ளிப் பிடி

ஓசூரில் அந்த ஒத்திகை ஷெட்டில் அன்று இருந்தவர்கள்: ஆர்கெஸ்ட்ரா ஓனர். அவரிடம் கீபோர்டு வாசிக்கும் பாய். பாய் தருமபுரிக்காரர், எங்களை வரச் சொன்னதே அவர்தான். கேமராக்காரர் ஒருவர். பாட வந்த பெண். அவள் புருஷன். அவளைக் கூட்டிக்கொண்டு போன நான்.

எனக்கு மாரண்டஹள்ளி பக்கம். எட்டாவதோடு படிப்பு நின்றது. மைக் செட் வாடகைக்கு விடுகிறேன். பண்டிகை, கல்யாணம், சாவு, கட்சிக் கூட்டம், எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கர் பெட்டி கட்டுவேன். ஆர்கெஸ்ட்ரா வந்தால் அதற்கும் நான்தான். அப்படித்தான் பாய் பழக்கமானார். ஒரு நாள் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது சொன்னார்.

"ஏண்ணா, இன்னும் எத்தினி வருசம் இந்த ஒயரயே சுத்திட்டு இருப்பீங்க? ஊரு ஊரா போறீங்க. பாடற பொம்பள யாராச்சும் இருந்தா கொண்டாங்க. அதுக்குத்தான் பஞ்சம். நாலு பேரக் கொண்டாந்து வுட்டா நீங்களும் ஏஜென்ட்டுதான்."

"எனக்கு என்னா பாய் தெரியும், ராகமா தாளமா?"

"காது இருக்குதில்ல? போதும் வாங்க."

காது இருந்தது. ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்தே வயது போனவன். எந்தக் குரலுக்குப் பெட்டி இரையும், எதற்கு இரையாது என்று தெரியும்.

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாரியம்மன் பண்டிகை. பெண்கள் கும்மி அடித்தார்கள். ஆம்ப்ளிஃபயர் கோயிலுக்குப் பின்னால் இருந்தது, பாடுகிறவளை நான் பார்க்கவில்லை. குரல் மட்டும் வந்தது. கொஞ்சம் அடைத்துக்கொண்டு வந்தது. மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்திருக்கிறாள் என்று தெரிந்தது. குரல் மேலே ஏறும்போது பெட்டி இரையும் என்று சவுண்டைக் குறைக்கக் கை கொண்டுபோனேன். ஏறினாள். இரையவில்லை. கையை எடுத்துக்கொண்டேன்.

முன்னால் போய்ப் பார்த்தேன். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். பாலக்கோடு மண்டியில் தக்காளி பொறுக்கித் தரம் பிரிக்கிற வேலை. புருஷன் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவன். அவள் இரண்டு கையாலும் மைக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"மைக்கத் தள்ளிப் புடிம்மா" என்றேன்.

தள்ளிப் பிடித்தாள். நான் திரும்பியதும் பழையபடி ஒட்டிக்கொண்டாள்.

புருஷனிடம் பேசினேன். யோசித்தான். பிறகு சொன்னான்.

"ஒரு சீசன் பாக்கறேங்க. தையில இருந்து ஆடி வரைக்கும். ஓடுச்சுன்னா ஓடட்டும். ஓடலன்னா அப்பறம் பாட்டு கீட்டுன்னு வாயத் தொறக்கக் கூடாது. அவ முன்னாடியே சொல்றேன்."

அவள் சரி என்றாள். சின்ன வயதிலிருந்து அவள் கேட்டது அது ஒன்றுதான் என்று பிறகு சொன்னாள். அந்த ஒரு சீசன் கிடைத்ததே பெரிது என்று இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் கடைக்கு வந்து பாடிப் பழகினாள். புருஷன் வெளியே டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பாட்டில் நான் சொல்ல ஒன்றும் இல்லை. அந்த மைக் பழக்கம் ஒன்றுதான். கடைசியில் மைக்கை ஸ்டாண்டில் மாட்டி, ஸ்டாண்டைத் தொடக் கூடாது என்றேன்.

"கைய என்னாண்ணா பண்றது?"

"தொங்க வுடு."

தொங்கவிட்டாள். தலையைக் குனிந்துகொண்டாள். நிமிரச் சொன்னேன். கூச்சம் என்று நினைத்தேன். கார்த்திகை மாதத்துக்குள் நிமிர்ந்து, கையைத் தொங்கவிட்டு, வாயை நன்றாகத் திறந்து பாடினாள். நான் செய்த வேலை அது.

ஓசூர் ஷெட்டில் அப்படியேதான் பாடினாள். ஒரு சாமி பாட்டு, ஒரு பழைய சினிமாப் பாட்டு. பாய் வாசித்துக்கொண்டே என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். ஓனர் தொடையில் தாளம் போட்டார். பாட்டு முடிந்ததும் கேமராக்காரர் எடுத்ததை டிவியில் போட்டுக் காட்டினார். ஓனர் தாளம் போடவில்லை. என்னை வெளியே கூப்பிட்டார்.

"கொரலு சுத்தம். பேச்சே இல்ல. பல்லு என்னாங்க அது?"

"எந்தப் பல்லுங்க?"

"அந்தப் பொண்ணு பல்லுதாங்க. துருப் புடிச்ச மாதிரி. பொகையில போடுதா?"

"இல்லீங்களே."

எனக்கு நிஜமாகவே புரியவில்லை. எங்கள் ஊரில் எல்லாருக்கும் பல் அப்படித்தான். பல்லைக் கெடுக்கிற போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள். பழுப்புக் கோடு, குழி, சிலருக்கு முனை உதிர்ந்திருக்கும். ஆற்றுத் தண்ணீர் குழாயில் வந்தது அவளுக்கெல்லாம் பல் முளைத்த பிறகு. அதற்கப்புறம் பிறந்த பிள்ளைகளுக்குத்தான் வெள்ளைப் பல். ஒருத்தர் பல்லை ஒருத்தர் உற்றுப் பார்க்கிற வழக்கம் எங்களிடம் இல்லை.

"எங்க பக்கம் எல்லாருக்கும் இப்படித்தாங்க" என்றேன்.

அவர் என் வாயைப் பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்தார்.

"முன்ன மாதிரி இல்லீங்க. வீடியோ பாத்துட்டுத்தான் புக்கிங்கே வருது. போன்ல மூஞ்சிதான் பெருசா தெரியுது. தை பொறக்கறதுக்குள்ள பல்ல சரி பண்ணிக் கூட்டியாங்க. எடம் வெச்சிருக்கறேன்."

பஸ்ஸில் அவள் கேட்டாள். சொன்னேன். புருஷன்தான் முதலில் சிரித்தான்.

"கட்டுனவன் நானு. எனக்கே தெரியல. அவனுக்குத் தெரியுதாம்."

"எனக்குத் தெரியும்" என்றாள் அவள்.

கல்யாணத்துக்கு முன்னால் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போயிருக்கிறாள். ஹாஸ்டலில் வேறு ஊர்ப் பெண்கள், நீ பல்லே வெளக்க மாட்டியா என்று கேட்டிருக்கிறார்கள். சிரித்தால் ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி கண்ணைக் காட்டியிருக்கிறார்கள்.

"அன்னியில இருந்து கை தானா வாய்க்கு வந்துரும்ண்ணா" என்றாள்.

மாரண்டஹள்ளி வந்தது. நான் இறங்கிக்கொண்டேன்.

தருமபுரியில் பல் டாக்டரம்மாவிடம் மூன்று பேரும் போனோம். வேர் கெட்டியாக இருக்கிறது, பிடுங்க வேண்டாம், மேலே உறை மாட்டலாம் என்றார். ஆகிற செலவையும் சொன்னார். புருஷன் எழுந்து வெளியே போய்விட்டான். நான் பின்னாலேயே போய், இரண்டு பெட்டியை விற்றுப் பாதி போடுகிறேன் என்று அவனிடம் சொன்னேன்.

"வேணாங்க. எம் பொண்டாட்டி பல்லுக்கு நீங்க பெட்டிய வித்தீங்கன்னு ஊருல பேசுவாங்க. பாட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம்."



மார்கழியில் ஒரு நாள் கடைக்கு வந்தாள். முந்தானையால் வாயை மூடியிருந்தாள். தனியாக வந்திருந்தாள். என்ன என்று கேட்டேன். முந்தானையை எடுத்துவிட்டுச் சிரித்தாள். வெள்ளையாக, வரிசையாக, பல்.

கூட வேலை செய்கிறவள் ஒருத்தி பல் செட் கட்டுகிற ஆளிடம் கூட்டிப்போயிருக்கிறாள். அவர் டாக்டர் இல்லை. எப்படியும் உதிரப்போற பல்லுதான், எடுத்துட்டு செட்டு போட்டா சினிமாக்காரி மாதிரி இருப்ப என்றிருக்கிறார். மண்டிக் கூலிக் காசிலேயே செலவு முடிந்துவிட்டது. ரத்தத்துணியைப் பார்த்துத்தான் புருஷனுக்கே தெரியும்.

"எப்படிண்ணா இருக்குது?"

"நல்லாருக்குது" என்றேன். நன்றாகத்தான் இருந்தது. "பாடு."

ஸ்டாண்டு முன்னால் நின்றாள். கையைத் தொங்கவிட்டாள். நான் சொல்லாமலே நிமிர்ந்தாள். கீழ்க்குரலில் பாடியது சரியாக இருந்தது. மேலே ஏறி வாயைத் திறந்ததும் செட் இறங்கியது. நாக்கால் தள்ளி ஏற்றினாள். மறுபடி இறங்கியது. ச வருகிற இடத்திலெல்லாம் காற்று வந்தது. பெட்டி இரைந்தது. திரும்பத் திரும்பப் பாடினாள். நான் சவுண்டைக் குறைத்தேன். முழுக்கக் குறைத்தேன். அதற்குப் பிறகுதான் நிறுத்தினாள்.

"புண்ணு ஆறட்டும். சரியாயிரும்" என்றேன்.

புண் ஆறியது. ஆற ஆற ஈறு வற்றி, செட் இன்னும் தளர்ந்தது.

தை பிறந்தது. ஓனர் வேறு ஒரு பெண்ணை எடுத்துக்கொண்டார். பாய் போனில் நடந்ததை முழுதும் கேட்டார். "உங்களக் கேக்காமயா பல்ல எடுத்துச்சு?" என்றார். ஆமாம் என்றேன். போனை வைத்துவிட்டார்.

அந்தத் தொழிலை நான் விடவில்லை. ஆடிக்குள் கம்பைநல்லூர் பக்கம் ஒரு பெண் கிடைத்தாள். பாடச் சொல்வதற்கு முன்னால் சிரிக்கச் சொன்னேன். அவள் ஓசூர் ஆர்கெஸ்ட்ராவில் இன்றைக்கும் பாடுகிறாள். இப்போது யார் வந்தாலும் முதலில் சிரிக்கத்தான் சொல்கிறேன்.

போன மாதம் பாலக்கோடு மண்டிக்கு ஸ்பீக்கர் மாட்டப் போனேன். தக்காளிக் குவியலுக்கு முன்னால் பெண்கள் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பாட, மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள். அவளும் இருந்தாள். பாடவில்லை.

"ஏ சினிமாக்காரி, உங்க ஏஜென்ட்டு வந்துருக்காரு பாரு" என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். அவள் கையால் வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்தாள். கன்னம் உள்ளே போயிருந்தது.

"செட்டு போடலையா?"

"கழண்டு கழண்டு வுழுதுண்ணா. வூட்டுல கெடக்குது."

"பாடறதில்லையா?"

"எங்க வூட்டுக்காரரு அன்னிக்குச் சொன்னது சொன்னதுதான்."

மாட்டவேண்டிய ஸ்பீக்கர் தோளில் கனத்தது. கீழே வைத்தேன். இத்தனை நாளும் கேட்காததைக் கேட்டேன்.

"எத்தினி பல்லு எடுத்தாங்க?"

வாயிலிருந்து கையை எடுத்தாள். இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

பத்து.