பொட்டில்லாத வீடியோ

எங்கள் ஆய்வுகூடத்தில் காலையில் குழந்தையைத் தூக்கியதும் முதலில் செய்வது அதன் பின்மண்டையைக் கழற்றுவதுதான். வயர்களைச் சரிபார்த்து மூடினால் கண் திறக்கும். தலையைத் திருப்பி என் முகத்தைத் தேடும். ஜப்பானுக்குப் படிக்க வந்து ஒன்றரை வருடமாகியும் அந்தப் பார்வை எனக்குப் பழகவில்லை. ஊரிலிருந்து வாசிப்பவர்களுக்குச் சொல்கிறேன்: மனிதப் பிள்ளை தாயின் முகம் பார்த்து எப்படிக் கற்கிறது என்று அறிவதற்காகச் செய்யப்பட்ட ரோபோ இது. அறிவதற்கா, எடுத்துக்கொள்வதற்கா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை.

சென்ற மாதம் மூத்த ஆய்வாளர் தனகா, என் அக்காவின் எட்டு மாத மகனை என் கைபேசியில் கண்டுவிட்டார். தாயும் பிள்ளையும் பார்த்துக்கொள்ளும் வீடியோக்கள் வேண்டுமென்று பதினொரு பக்கச் சம்மதப் படிவம் தந்தார். ஊரில், செட்டிபாளையத்தில் இருக்கும் அக்காவைத் தொலைபேசியில் அழைத்து விளக்கினேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்தவன் நான் மட்டும்தான்.

"நீதானே தம்பி படிச்சவன். நீ சரியெண்டாச் சரிதான்," என்றாள் அக்கா.

எனக்கு அந்த நம்பிக்கைதான் பயம். கடல் எங்கள் வீட்டைக் கொண்டுபோன அடுத்த மாதம், முகாமுக்கு வாகனத்தில் வந்தவர்கள் நீட்டிய தாளில் அம்மாவும் இப்படித்தான் பெருவிரலை வைத்தாள். அழுதுகொண்டு நின்ற அக்காவைப் படமெடுத்துப் போனார்கள். அந்தப் படம் எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது.

கையெழுத்துக்கு முன்பே சோதித்துப் பார்க்க அக்கா அனுப்பிய முதல் வீடியோவே சிக்கலாகிவிட்டது. மருமகனின் கன்னத்தில் அவள் வைத்த கறுப்புப் பொட்டைக் கணினி இன்னொரு கண்ணாக எண்ணிக்கொண்டது. பொட்டில்லாமல் எடுத்து அனுப்பச் சொன்னேன். பதினொரு பக்கத்துக்கும் ஓம் சொன்னவள் அங்கே நின்றுவிட்டாள்.

"பொட்டில்லாத புள்ளைய எத்தின பேர் பாப்பாங்க?"

படிவத்தில் அதற்குப் பதில் இல்லை. தனகாவிடம் கேட்டேன். எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துச் சிரித்தார்: மனிதர்கள் அதிகம் பார்க்கமாட்டார்களாம், ரோபோதான் திரும்பத் திரும்பப் பார்க்குமாம். அதை அப்படியே அக்காவிடம் சொன்னேன்.

"களைக்காமப் பாக்குமா? அந்தக் கண்ணூறை ஆர் கழிக்கிற? முதல்ல நீ அதுக்கொரு பொட்டு வச்சுவிடு," என்றாள்.

கையெழுத்தில்லாமலே படிவத்தைத் திருப்பிக் கொடுத்தேன். முதல் வீடியோவை அழித்துவிட்டதாகச் சொன்னார்கள். நம்புவதா என்று தெரியவில்லை.

நேற்று எனக்கு மட்டுமென்று அக்கா இன்னொன்று அனுப்பினாள். மருமகன் பொட்டோடு தவழ்ந்து வந்து, நிமிர்ந்து, தாயைத் தேடுகிறான். அவன் கண் அவள் முகத்தில் போய் நின்ற இடத்தில் நிறுத்தினேன். பின்னுக்கு இழுத்து மறுபடி பார்த்தேன். தேடியதற்கும் கண்டதற்கும் இடையில் எத்தனை நொடி என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அவன் சிரித்ததைக் கவனிக்கவே இல்லை. வீடியோவின் முடிவில் அக்காவின் குரல்: "மாமா பாத்திட்டாரா எண்டு கேளு மனே."

இன்னும் பதில் அனுப்பவில்லை.