ஆவி படியாத கண்ணாடி

ருக்மணி போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் குர்லா ஸ்டேஷனில் நின்றிருந்தேன். அவர் கணவர் சிவராமன்தான் அழைத்தார். “தூக்கத்திலேயே, முருகன்” என்றார். வாஷி வண்டி வந்து நின்றது. நான் ஏறவில்லை.

செம்பூரில் எங்கள் மேற்பூச்சு ஆய்வகத்தில் அவருக்கும் எனக்கும் அடுத்தடுத்த மேசை. வேலை சிலிக்கா கூழ்மத்தோடு. நீரில் அடியில் படியாமல் மிதக்கும் நுண்துகள்கள் அவை. பூசிய பரப்பின் குணத்தையே மாற்றிவிடும். “ஒண்ணை ஒண்ணு தள்ளி நிக்கறவரைக்கும் நன்னா இருக்கும். சேர்ந்துடுத்தோ, கட்டிதான்” என்று சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுவது போலச் சொல்வார்.

கொரோனா நாட்களில் என் மனைவி செல்வி தாராவி மருத்துவமனையொன்றில் நர்ஸ். முகத்தை மூடும் பிளாஸ்டிக் கண்ணாடியில் மூச்சின் ஆவி படிந்து, ஒரு நோயாளியின் கையில் நரம்பு தெரியாமல் திரும்பத் திரும்பக் குத்த வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்து அழுதாள். ருக்மணியிடம் போனில் சொன்னேன். அனுமதி வாங்கி, மூடிக்கிடந்த ஆய்வகத்தைத் திறக்க வைத்தார்.

முதலில் சிலிக்கா பூசிக் கொடுத்த முகக்கண்ணாடிகளில், ஸ்பிரிட் போட்டுத் துடைத்ததும் பூச்சு உரிந்துவந்தது. இன்னும் கனமாகப் பூசலாம் என்றேன். காயும்போது வெடிக்கும் என்று மறுத்துவிட்டார். துகள்கள் பற்றிக்கொள்ளும்படி பிளாஸ்டிக்கைப் பதப்படுத்திவிட்டு, மெலிதாக ஒரே ஒரு பூச்சு பூசினார். நீரை ஒட்டவிடாத வேறு பூச்சைத் தேடலாமா என்று கேட்டேன்.

“விரட்ட வேண்டாம், முருகன். பரவ விடுங்கோ. துளித்துளியா நின்னாத்தானே கண்ணை மறைக்கும்?”

இரண்டு நாள் கழித்துச் செல்வி என்னை அழைத்து, போனை ருக்மணியிடம் கொடுக்கச் சொன்னாள். “யக்கா, இன்னைக்கு நரம்பு தெளிவாத் தெரிஞ்சுது. ஒரே குத்துல ஏத்திட்டேன்” என்றாளாம். ருக்மணி போனைத் திருப்பித் தந்தார். கொஞ்ச நேரம் குழாயடியில் எனக்கு முதுகைக் காட்டி நின்று பீக்கர்களைக் கழுவினார்.

அவர் போன பிறகு, சென்ற மாதம் ஒரு புதிய கலவை குப்பியிலேயே உறைந்துபோனது. யோசிக்காமல் அவர் எண்ணை அழுத்திவிட்டேன். சிவராமன் எடுத்தார். உறைந்த கலவையைப் பற்றியே அவரிடம் சொன்னேன். வங்கியில் வேலை பார்த்தவர். எவ்வளவு புரிந்திருக்குமோ, முழுவதும் கேட்டார்.

“இன்னும் கொஞ்சம் சொல்லுங்கோ. ஆத்துல இந்தப் பேச்சே நின்னு போயிடுத்து.”

ருக்மணியிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்தப் பேச்சுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் மாட்டுங்காவில் அவர்கள் வீட்டுக்குப் போய் சிவராமனிடம் அதைப் பேசிவிட்டு வருகிறேன். ருக்மணியோடு வேலை பார்த்தவர்களே, நீங்களும் வாருங்கள். அவர் சொன்னதில் நான் மறந்துவிட்டவை உங்களிடம் இருக்கும்.