அக்கா திருப்பிக் கொடுத்த ஒன்பது கடிதங்கள்

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் இந்தச் சித்திரையோடு ஓராண்டு நிறைகிறது. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அத்தானும் முன்பே போய்விட்டார். அதனால் இந்த நினைவு மலரில் அவர் வாழ்க்கையை எழுதும் கடமை ஒரே தம்பியான எனக்கு வந்தது. அதற்கு நான் தகுதியில்லாதவன் என்று உறவினர்களிடம் சொல்லிப் பார்த்தேன். உன் தமிழும் கையெழுத்தும் நன்றாக இருக்கும், நீயே எழுது என்றார்கள். அந்தக் கையெழுத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

அக்கா பிறந்தது அரியக்குடியில். எங்கள் சிறு வயதிலேயே அப்பா தவறிப்போக, அம்மா களையெடுத்தும் நாற்று நட்டும் எங்கள் இருவரையும் வளர்த்தார். எனக்குக் கைபிடித்து எழுதக் கற்றுக் கொடுத்தவர் அக்காதான். எழுத்து சாய்ந்தால் சிலேட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எழுதச் சொல்வார். காரைக்குடிக்கு நடந்தே போய்ப் படித்துக் கணக்கு ஆசிரியை ஆனார். என்னையும் படிக்க வைத்தார். பிறகு அவர் வேலை பார்த்த பள்ளியிலேயே எனக்குத் தமிழாசிரியர் வேலை கிடைத்தது. பள்ளியின் பெயரை இங்கே எழுதவில்லை. இந்த மலரை வாங்குகிறவர்களுக்கு அது தெரியும்.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும், பத்தாவதில் தேறமாட்டார்கள் என்று தோன்றும் பிள்ளைகளின் பெற்றோரை வரவழைப்போம். ‘சொந்தக் காரணங்களுக்காக என் பிள்ளைக்கு டி.சி. தந்து உதவ வேண்டுகிறேன்’ என்று ஒரு கடிதம் தயாராக இருக்கும். பெற்றோர் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும். அடுத்த ஆண்டு பள்ளி வாசலில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று பேனர் கட்டலாம். அந்தக் கடிதங்களை எழுதியவன் நான். எழுத்து அழகாக இருக்கும் என்று எனக்கு அந்த வேலை.

அக்கா தலைமையாசிரியை ஆன ஆண்டு ஒன்பது கடிதங்கள் எழுதி அவர் மேசையில் வைத்தேன். படித்துவிட்டு அப்படியே என்னிடம் திருப்பிக் கொடுத்தார். விஷயம் தெரிந்து பள்ளிச் செயலர் நேரில் வந்தார்.

“ஒம்போது பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடத்துப் பேரையே விட்ருவீகளா டீச்சர்?”

“அந்த ஒம்போதும் சேந்துதான் சார் பள்ளிக்கூடம். பெயிலாப் போனா அதுக பெயிலாப் போகட்டும். நம்ம தொரத்தி விடக் கூடாது.”

அந்த ஆண்டு முழுவதும் காலை ஏழரை மணிக்கே அந்த ஒன்பது பேரையும் உட்கார வைத்து அவரே கணக்கு நடத்தினார். ஆறு பேர் தேறினார்கள், மூன்று பேர் தேறவில்லை. தேறிய ஆறு பேரைப் பற்றி எங்கள் ஆசிரியர் அறையில் ஒருவர்கூடப் பேசவில்லை. வாசலில் பேனர் இல்லாததைப் பற்றித்தான் எல்லோரும் பேசினோம்.

அக்கா மீது எங்களுக்கு வேறு கோபமும் இருந்தது. காலை மணி ஒன்பது பத்து ஆனதும் ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் கோடு போட்டுவிடுவார். பிந்தி வருகிறவர் கோட்டுக்குக் கீழேதான் கையெழுத்துப் போட வேண்டும். அப்படி முதலில் போட்டவன் நான். தம்பி என்று அவர் பார்க்கவில்லை என்பது எனக்குப் பெரிய மனக்குறை.

தேர்வு முடிவு வந்த வாரம் செயலர் தம் வீட்டுக்கு ஆசிரியர்களை மட்டும் அழைத்தார். தலைமையாசிரியை மீது ஒரு புகார் மனு வேண்டும் என்றார். அவருக்கு அடுத்த சீனியர் நான்தான் என்பதையும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆசிரியர்களை அவமதிக்கிறார், நிர்வாகத்துக்குக் கட்டுப்படுவதில்லை, பள்ளியின் பெயரைக் கெடுத்துவிட்டார் என்று ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். நானும் போட்டேன்.

விளக்கம் கேட்டு மனுவை அக்காவிடமே கொடுத்தார்கள். அவர் என்னைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். அந்தத் தாள் அவர் கையில் இருந்தது.

“எழுத்து நல்லாருக்குடா தம்பி. ஒண்ணுகூடச் சாயல.”

அவர் விளக்கம் எழுதவில்லை, விருப்ப ஓய்வு கேட்டு எழுதிக் கொடுத்தார். கடைசி நாளன்றும் ஒன்பது பத்துக்குக் கோடு போட்டார். மாலையில் குடையை எடுத்துக்கொண்டு தனியாகப் பேருந்து ஏறினார். வழியனுப்பு விழா இல்லை. மறுநாள் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். கடிதங்கள் மறுபடி எழுதப்பட்டன. வாசலில் பேனர் ஏறியது, அதில் என் படமும் இருந்தது. வெட்கமில்லாமல் அதைப் படம் பிடித்து உங்களில் பலருக்கும் அனுப்பினேன்.

சென்ற ஆண்டு காரைக்குடி மருத்துவமனையில் அக்கா படுத்திருந்தபோது ஒரு மதியம் கேட்டார்.

“இந்த வருசம் எத்தன பேருக்கு டி.சி. குடுத்த?”

நான்கு பேருக்கு என்றேன். யார் யார் என்றார். முருகேசன், பாண்டியம்மாள் என்று சொல்லி நிறுத்தினேன்.

“மத்த ரெண்டு பேரு?”

எனக்கு நினைவில்லை. அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதன்பிறகு அவர் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டார்.

அக்காவைக் கடைசிவரை குளிப்பாட்டி, சோறூட்டிப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு மீனாளுக்கும், காரியங்களுக்கு முன்நின்ற உறவினர்களுக்கும் எங்கள் நன்றி. ஓய்வு பெற்ற அன்று ஒரு சால்வை போர்த்தாமல், இறந்த அன்று ‘கல்விச் சுடர்’ என்று இரங்கல் பேனர் வைத்த சக ஆசிரியர்களுக்கும், மலர்வளையம் அனுப்பிய செயலருக்கும் நன்றி.

பெயர் விடுபட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதி முடிப்பது வழக்கம். என்னால் அப்படி எழுத முடியவில்லை. சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டி விட்டுப்போன இரண்டு பெயர்களையும் எடுத்தேன். ஒருவன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். இன்னொரு பிள்ளை எங்கே என்று அவள் வீட்டில் சரியாகச் சொல்லவில்லை. இந்த ஆண்டுக்கு ஐந்து கடிதங்கள் வேண்டும் என்று செயலர் சொல்லி அனுப்பியிருக்கிறார். நான் எழுதவில்லை. இந்த மலரில் ஒரு பிரதியைத்தான் அவருக்கு அனுப்புகிறேன்.

அக்கா, மற்ற இரண்டு பேர் செல்வியும் கருப்பையாவும்.