அம்மா வேண்டிக்கொண்ட என் முடி

முருகனை நம்புகிற உங்கள் எல்லாரிடமும் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 1987 ஆகஸ்டு மாதத்தில் நான் அவனோடு பேச்சையே நிறுத்திவிடலாம் என்றிருந்தேன். அம்மாவோடு ஏற்கெனவே நிறுத்தியிருந்தேன்.

நாங்கள் கிள்ளானில் இருந்தோம். நான் பள்ளியில் படிக்கும்போதே அப்பா தவறிவிட்டார். நல்ல மார்க் எடுத்தும் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை. அந்த எரிச்சலோடுதான் சுபாங் ஜெயாவில் ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். இரண்டு வருடம் அங்கே படித்துவிட்டு, மீதியை அமெரிக்காவில் முடிக்கலாம். பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தேன். அமெரிக்காவில் இடம் கிடைத்துவிட்டது என்று தெரிந்த அன்று அம்மாவைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“முருகனுக்கு வேண்டியிருந்தேன்டி. சீட் கெடச்சா ஒன் முடியக் குடுக்கிறேன்னு.”

“என் முடியா? என்னக் கேட்டியாம்மா?”

“சாமிகிட்ட பேசுறதுக்கு ஒன்கிட்ட பெர்மிஷன் கேக்கணுமா?”

விசா நேர்காணல் அடுத்த வாரம். என் பாஸ்போர்ட் படத்தில் இடுப்பு வரைக்கும் பின்னல் தொங்குகிறது. விசா கையில் வந்த பிறகு மொட்டை போட்டுக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். குடுத்த சாமிக்குக் கடன் வைத்துவிட்டுப் போனால் விளங்குமா என்றார் அம்மா. அழுதார். சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். சொந்தக்காரர்கள் எல்லாரும் அவர் பக்கம். கடைசியில் கோயிலில் போய் உட்கார்ந்தேன். பக்தியால் இல்லை, சண்டை போட்டுக் களைத்துப் போனதால். கத்தி ஓடும்போது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். “மொட்ட அழகா இருக்கு லா” என்று யாரோ சொன்னார்கள். அவர்களை அறைந்துவிடலாம் போல இருந்தது.

நான் பயந்தபடியே ஆயிற்று. விசா அதிகாரி படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உடம்பு சரியில்லையா என்று மெதுவாகக் கேட்டார். இல்லை என்றேன். படத்தில் இருப்பது நீதானா என்றார். நேர்த்திக்கடனை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? ‘என் அம்மா என் முடியைக் கடவுளுக்குத் தருவதாகச் சொல்லிவிட்டார்’ என்றேன். அம்மா சொன்னதற்கு ஏன் உன் முடி என்று கேட்டார். குடும்பத்தில் பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு வியாழக்கிழமை வரச் சொன்னார். அன்றும் அவர் நம்பாவிட்டால் அந்த வருடத்துப் படிப்பு போச்சு. இடத்தை எனக்காக யாரும் பிடித்து வைக்க மாட்டார்கள்.

நேரே கோயிலுக்குப் போனேன். கும்பிடவில்லை. சண்டை போட்டேன். “நான் கொடுக்காத முடியை வாங்கிக்கொண்டாய். வெட்கமாக இல்லையா உனக்கு? இது நான்தான் என்று சொல்ல ஒரு ஆளை அனுப்பு. யாராக இருந்தாலும் சரி. அம்மா மட்டும் வேண்டாம்.” இதுதான் என் பிரார்த்தனை. வேறு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் இருந்த சித்தப்பாவைப் போய்ப் பார்த்தேன். ரயில்வேயில் வேலை, ஆங்கிலம் நன்றாகப் பேசுவார். “வந்துர்றேன்மா, கவலப்படாத” என்றார். வியாழக்கிழமை காலை தூதரக வாசலில் காத்திருந்தேன். சித்தப்பா வரவில்லை. வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. முருகா, உன்னை நம்பியது என் தப்பு என்று வாய்விட்டே சொன்னேன்.

அப்போது சாலையைக் கடந்து ஒரு அம்மாள் வந்தார். மொட்டைத் தலை, அதில் புதுச் சந்தனம். கிட்டே வந்த பிறகுதான் அடையாளம் தெரிந்தது.

என் அம்மா.

எங்கள் தெருவில் அம்மாவின் முடியைத் தெரியாதவர்கள் இல்லை. அவிழ்த்துவிட்டால் முழங்காலைத் தொடும். அப்பா போன பிறகு பூவை விட்டார், நல்ல புடவையை விட்டார், அந்த முடியை மட்டும் விடவில்லை.

“சித்தப்பா போன் பண்ணாரு. அந்த வெள்ளக்காரன்கிட்ட நான் என்னத்த அண்ணி சொல்றதுன்னு பயப்படுறாரு. எனக்கும் ஒன்னும் தெரியல. காலையில கோயிலுக்குப் போயிட்டு பஸ் ஏறிட்டேன்.”

இருவரும் உள்ளே போனோம். அதிகாரி எங்களைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கவுண்டரில் இருந்த தமிழ் அக்கா ஒருவர், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று அவர் கேட்பதாகச் சொன்னார்.

அம்மா நேராக அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார். “மொதல்லயே என் முடியத்தான் வேண்டியிருக்கணும். எனக்கு மனசு வரல. மக முடியத் தூக்கிக் குடுத்துட்டேன். அதான் இப்ப என்னோடதயும் குடுத்துட்டேன்னு சொல்லும்மா.”

அந்த அக்கா அதை ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரி எங்கள் இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். முடி இருந்தவரை நான் அப்பா ஜாடை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். இப்போது அதே நெற்றி, அதே விடைத்த காதுகள். நான் யார் பெண் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதிகாரி சிரித்துவிட்டார். விசா கொடுத்தார்.

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. அம்மா முந்தானையை இழுத்து என் தலையில் போட்டார். அவர் தலை அப்படியே வெயிலில்.

“அறிவிருக்காம்மா ஒனக்கு?” என்று கத்தினேன். மொட்டை போட்ட நாளிலிருந்து அம்மாவிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான். அம்மா சிரித்தார். நான் நடுரோட்டில் அழுதேன்.

படித்து முடித்துத் திரும்பி வந்தேன். வேலையில் இருக்கிறேன். என் முடி வளர்ந்துவிட்டது. அம்மாவுக்குப் பழையபடி வளரவே இல்லை. அதைப் பார்க்கும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது, அவர் மேலும், அவன் மேலும். ஆனாலும் வெள்ளிக்கிழமை தவறாமல் போகிறேன். யாரை வேண்டாம் என்றேனோ அவரையே அனுப்பி வைத்தவன் அவன். எனக்கு என்ன வேண்டும் என்று என்னைவிட அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

கஷ்டத்தில் இருக்கிறவர்களே, தயங்காமல் போய் நில்லுங்கள். கோபம் இருந்தால் கோபத்தோடே போங்கள், அவன் தாங்குவான். நம்பி வேண்டிக்கொள்ளுங்கள். ஆனால் பிள்ளைகளின் முடியை விட்டுவிடுங்கள். உங்கள் தலையில்தான் இருக்கிறதே.